இயற்கைச் செருப்பு உண்மையிலேயே உக்கிப் போகுமா?

நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இயற்கை இறப்பர், தும்பு, பழைய பிளாஸ்டிக் போத்தல் என்று சொல்லி விற்கிற செருப்புகளுக்கு விலை கூட. அவை உண்மையிலேயே மண்ணோடு உக்குமா? நம்பி வாங்கலாமா?"

பெரும்பாலானவை லேசில் உக்காது, தங்கச்சி. அதற்காக வாங்கவே கூடாது என்றும் இல்லை. என்ன பொருளில் செய்தது என்பதை விட, அந்தப் பொருட்களை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இறப்பரையே எடுப்போம். 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் நட்டதில் இருந்து அது நம் நாட்டுப் பயிர். மரத்தில் வடிகிற பால் உக்கக்கூடியதுதான். ஆனால் அதை அப்படியே செருப்பாக்கினால் நம் திருகோணமலை வெயிலுக்கு இளகிப் பிசுபிசுக்கும். அதனால் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். இறப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். செருப்பு நன்றாக உழைப்பதும் அந்தப் பிணைப்பால்தான், சுலபத்தில் உக்காமல் கிடப்பதும் அதனால்தான். பழைய டயரை உருக்கித் திரும்ப வார்க்க முடியாததற்கும் இதே காரணம். தூளாக்கிப் பசையோடு அழுத்துவார்கள், இல்லையென்றால் அப்படியே வெட்டி எடுப்பார்கள். டயர் செருப்பு காலுக்குப் பாரம்தான், ஆனால் தேய நாளெடுக்கும்.

போத்தலில் செய்தது என்றால், போத்தலை உருக்கி நூலாக இழுத்து மேல்துணி நெய்திருப்பார்கள். கடலுக்குப் போகவிருந்த போத்தல் ஒன்று காலுக்கு வந்தது நல்ல விஷயம். ஆனாலும் அது பிளாஸ்டிக்தான், துவைக்கத் துவைக்க நுண்ணிய இழைகள் கழன்று தண்ணீரில் போகும்.

மலிவான பஞ்சுச் செருப்பு, அதாவது பஞ்சுபோல மெத்தென்ற பிளாஸ்டிக் நுரையில் செய்தது, எங்கே போகிறது என்று தெரியவேண்டுமா? மாரிக்கடல் அடங்கியதும் உப்புவெளிக் கரையில் நடந்து பாருங்கள். தனித்தனிச் செருப்பாக ஒதுங்கிக் கிடக்கும், சோடி கிடைக்காது. ஒன்றைப் புரட்டினால் அடியில் சிப்பிப் பூச்சிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். அத்தனை நாள் மிதந்து வந்திருக்கிறது. அதன் உள்ளே காற்றுக் குமிழிகள் இருப்பதால் தாழாது, உக்கவும் உக்காது. எனக்கு இதைப் பார்க்க உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

தோலும் அப்படித்தான். ரோட்டோரம் மஞ்சளாகப் பூக்கிற ஆவரசின் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோல் வேறு, குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் வேறு. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி இரண்டாவது வகை, அது லேசில் உக்காது. செடியில் செய்த 'தோல்' என்று விற்பதிலும் பலவற்றின் மேல்பூச்சு பிளாஸ்டிக்தான்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? செருப்பைக் கையில் எடுத்துக் குதிப்பக்கம் வளைத்துப் பாருங்கள். அடித்தட்டும் மேல்தட்டும் சேருகிற ஓரத்தில் நூல் தெரிகிறதா, வெறும் பசையா? தும்பும் பஞ்சும் துணியும் இறப்பரும் ஒரே பசையில் ஒட்டியிருந்தால், பின்னால் அவற்றை யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றும் தனியே நல்ல பொருளாக இருந்தும் முழுச் செருப்பும் குப்பைதான். தைத்திருந்தால் வார் அறுந்தாலும் சந்தையடியில் தைப்பவரிடம் கொடுக்கலாம், அடி தேய்ந்தால் மாற்றலாம். அப்படியான செருப்புக்கு விலை கூடக் கொடுங்கள். அந்த வசதி இல்லாததற்கு, பெட்டியில் பச்சை இலை போட்டிருந்தாலும் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கடற்கரைக்கும் போட்டுப்போவீர்கள் என்றால் தும்பு, பருத்தித் தட்டு வைத்தது சரிவராது. ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு முழு இறப்பர்ச் செருப்புத்தான் நல்லது. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் இறப்பர் வெடித்துவிடும்.