யாரும் சொல்லாமல் சேர்ந்த கைகள்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான்.

ஒரு ஆண்டு விழா. சிலம்பம் சுற்றிய பையன்கள் மேடையிலிருந்து இறங்கியதும் கைத்தட்டல். முதலில் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி படபடவென்று. கொஞ்ச நேரத்தில், தட்… தட்… என்று கூட்டம் மொத்தமும் ஒரே கையாகத் தட்டியது. பக்கத்தில் நின்ற பதினொன்றாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "யாருமே சொல்லலையே சார், எப்படி ஒண்ணாச் சேர்ந்துச்சு?"

நீங்களும் கேட்டிருப்பீர்கள். சேரும்போது தட்டும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அவசரமாகத் தட்டினால் ஆளுக்கொரு வேகம், ஒன்றோடொன்று ஒட்டாது. நிதானமானால் வித்தியாசம் சுருங்கும். அப்போதுதான் காதில் விழும் சத்தம் நம் கையைத் தன் பக்கம் இழுக்க முடியும். இதற்குப் பெயர் ஒத்திசைவு.

1665-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். எதிரே, ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள். ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம், பிசகாமல். அவரே கலைத்துவிட்டுப் பார்த்தார். அரைமணி நேரத்துக்குள் திரும்பவும் அப்படியே சேர்ந்துவிட்டன. தாங்கியின் கண்ணுக்குத் தெரியாத அசைவுதான் தூது போனது.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். ஒத்திசைவு என்றதும் வகுப்பில் இரண்டு நாற்காலிக்கு நடுவே தொய்வாகக் கயிறு கட்டி, அதில் ஒரே நீள நூலில் இரண்டு கல்லைத் தொங்கவிடுகிறோம். ஒன்றை ஆட்டினால் அது அடங்கும், மற்றது ஆடும். பிறகு திரும்பி வரும். அழகான சோதனைதான். ஆனால் அது ஆற்றல் கைமாறுவது, ஒத்திசைவு அல்ல. கல்லுக்குச் சொந்தத் தெம்பு இல்லை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கடிகாரத்துக்கு உள்ளே, அதை ஓட்ட மேலே இழுத்துவிட்ட எடைக்குண்டு இருக்கிறது. கை தட்டுகிற பிள்ளைக்குக் காலையில் தின்ற இட்லி இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: தானாக ஓடுகிற இரண்டு சேர்ந்தால்தான் ஒத்திசைவு. ஆசிரியர்களே, கயிற்றையும் காட்டுங்கள், அப்புறம் பிள்ளைகளைக் கை தட்டவும் விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர்களே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, லண்டனில் ஒரு பாலத்தின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2000 ஜூன் 10-ல் திறந்த மில்லேனியம் நடைபாலம் பக்கவாட்டில் ஆட, விழாமலிருக்க ஜனங்கள் கால் வைத்த விதமே ஆட்டத்தைக் கூட்டியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வு அடக்கிகள் பொருத்தி, 2002-ல்தான் திறந்தார்கள். வணக்கம்.