டவுட் என்றால் சந்தேகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு நேர்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கர் ஒருவரோடு இணையம் வழியாகவே ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒருநாள் அவர் ஒரு கணக்கைப் படிப்படியாக விளக்கி அனுப்பினார். மூன்றாவது படி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் தேர்ட் ஸ்டெப்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "நன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். தவறு இருந்தால் நீங்களே காட்டுங்கள்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பாடம் கேட்டதற்கு இவ்வளவு கோபமா என்று அன்றிரவு முழுக்க அதே நினைப்பு.

நாம் "ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்கினால், எனக்குப் புரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று பொருள். அதில் பணிவு இருக்கிறது. அந்தச் சந்தேகம்தான் நம் ஆங்கிலத்தில் டவுட் ஆகிறது. ஆனால் அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ டவுட் என்று கேட்டால், "நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழிலும் இந்த இரண்டு பொருளும் உண்டு. "எனக்கு ஒரு சந்தேகம்" என்றால் கேள்வி. "எனக்கு அவர்மேல் சந்தேகம்" என்றால் அவநம்பிக்கை. ஒரு 'மேல்' வந்து நிற்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற நாம், அந்த 'மேல்' இல்லாததைக் கொண்டுபோக மறந்துவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து இதை அவருக்கு விளக்கி எழுதினேன். அவர் வருத்தம் தெரிவித்து, மூன்றாவது படியை ஒரு பக்கத்துக்கு விளக்கி அனுப்பினார்.

இதிலிருந்து எனக்கு ஒன்று உறைத்தது. தெரியாத சொல் யாரையும் கெடுப்பதில்லை. ஃபோர்ட்நைட் என்று பிரிட்டிஷ்காரர் எழுதினால், புரியாதவர் அகராதியைப் பார்ப்பார், இரண்டு வாரம் என்று தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். தெரிந்த சொல்லுக்கு யார் அகராதியைத் திறக்கிறார்கள்?

சரி, இது தாய்மொழியாகப் பேசாத நமக்கு மட்டும் வரும் சங்கடமா? இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக 'டேபிள்' செய்யவேண்டும் என்றார்கள். பிரிட்டனில் அதற்கு விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. நீண்ட நேரம் கசப்பாகச் சண்டை போட்ட பிறகுதான், இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று தெரிந்தது.

இன்னொன்று மனதைப் பிசைவது. 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றருகே பிரிட்டனின் க்ளாஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை நெருக்கிக்கொண்டிருந்தது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்க, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி, "திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி, சார்" என்றார் என்பார்கள். பிரிட்டிஷ் காதுக்கு அது 'உயிர் போகிற நிலை'. அமெரிக்கக் காதுக்கு 'கொஞ்சம் சிரமம், சமாளிக்கலாம்'. அந்தப் பிரிவு சூழப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். தோல்விக்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடக்கிப் பேசுகிற ஒரு பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

தாய்மொழிக்காரர்களுக்குள்ளேயே இப்படி என்றால், எது சரியான ஆங்கிலம் என்று யாரைக் கேட்பது? காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985-இல் உலக ஆங்கிலத்தை உள்வட்டம் (பிரிட்டன், அமெரிக்கா போன்று அது தாய்மொழியாக உள்ள நாடுகள்), வெளிவட்டம் (இந்தியா, நைஜீரியா போன்று பிரிட்டிஷ் ஆட்சிவழி ஆங்கிலம் வந்து ஊன்றிய நாடுகள்), விரியும் வட்டம் (அயல்மொழியாகக் கற்கும் மற்ற நாடுகள்) என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். வெளிவட்டத்து ஆங்கிலங்களுக்கும் தமக்கென்று மரபு உண்டு என்பது அவர் வாதம். இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களைவிட, கற்றுப் பேசுகிறவர்களே அதிகம். அப்படியிருந்தும் புரியாமல் போனால் பழி ஏன் கற்றவர் தலையிலேயே விழவேண்டும்? இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

'டு த நீட்ஃபுல்', அதாவது 'வேண்டியதைச் செய்யுங்கள்' என்ற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அலுவலகக் கடிதங்களில் சாதாரணமாக வந்தது. அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், இந்திய அலுவலகங்கள் வைத்துக்கொண்டன. இன்று இணையத்தில் அதைப் பார்த்ததுமே இது மோசடிக் கடிதம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'கைண்ட்லி' என்று மரியாதையாக எழுதினால், அதட்டுவதாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எழுதியவர் முகமும் குரலும் திரையில் தெரிவதில்லை. பேச்சில் ஒரு சிரிப்பு சரிசெய்துவிடுவதை, எழுத்தில் யாரும் சரிசெய்வதில்லை.

தென்னாப்பிரிக்காவில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதே இல்லை, அப்புறம். அதை நம்பிக் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

நைஜீரியாவில் 'சாரி' சொல்கிற விதம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று நீங்கள் எழுதினால், அங்கிருப்பவர் 'சாரி' என்பார். "நீங்களா போட்டு உடைத்தீர்கள், எதற்கு மன்னிப்பு?" என்று ஓர் அமெரிக்கர் குழம்பலாம். 'சாரி' சொன்னவர் மன்னிப்பே கேட்கவில்லை. நாம் "அடடா" என்கிறோமே, அதைத்தான் சொல்கிறார். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்ததும் வாயில் வருகிற அந்தச் சொல்லைத் தவறு என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.