பழியே! – மாமாவை மறித்த மோகினி

நடுவர் ஐயாவுக்கும் நம்ம இலங்கை மலையகத்து ஹட்டன் சபைக்கும் வணக்கம். மிச்ச வணக்கமெல்லாம் நோட்டீஸ்ல இருக்கு.

"மோகினியை நடுராத்திரியில் நடக்க வைப்பது மோகமா, பழியா?" நாங்க பழின்னு பேச வந்தோம். எதிரணித் தம்பி என்ன பேசினார்? "வெள்ளைச் சேலையில ஒரு அக்கா அந்தப் பக்கம் இருக்காங்க, நடுவர் ஐயா பத்திரம்"னார். நீங்களும் கை தட்டினீங்க. தம்பி, மோகினிக்குக் கால் தரையில படாது. நான் நல்லா ஊன்றித்தான் நிக்கிறேன். தொங்குறது உங்க வாதம்தான்! மோகினி அழகான ஆம்பளையைத் தேடித்தான் வருவாள்னும் சொன்னீங்க. அப்படின்னா நீங்க எந்த நேரமும் தைரியமா நடக்கலாம்.

எங்க மாமா ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. சம்பளத்தன்னிக்கு டவுன்ல கொஞ்சம் "மருந்து" குடிச்சிட்டு நாலு கட்டை தூரம் நடந்து லயத்து வீட்டுக்கு வர்றார். மழை. வளைவுல வெள்ளையா ஒரு உருவம், இடுப்புல பிள்ளை. "பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க"ன்னுச்சாம். மாமா பிடிச்சது ஓட்டம்! ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கு.

முதல் தடவை சொன்னப்போ முகமே தெரியலன்னார். தீபாவளிக்குச் சொன்னப்போ மல்லிகை வாசம் வந்துச்சு. பொங்கலுக்குக் கால் தரையில இல்ல. மன்மதன் எரிஞ்ச கதையை ஆடுற காமன் கூத்து ராத்திரி, ரதி அங்க ஒப்பாரி வைக்கிறா, இங்க மாமா கதை வைக்கிறார்: "என்னைப் பாத்து 'அத்தான்'னு கூப்பிட்டா மருமகளே!" அத்தை உள்ளேயிருந்து கேட்டாங்க: "கண்ணு தெரியாத மோகினியோ?"

இங்கதான் நான் எதிரணியைப் பிடிக்கிறேன். ஐரோப்பாவுல சக்குபஸ்னு ஒரு பேய். ஆம்பளைங்க உறக்கத்துல வந்து மயக்குமாம். கனவு கண்டது இவர், பழி அவளுக்கு! நம்ம பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சனங்களைக் கேளுங்க, பொம்பளைங்களைப் பிடிக்கிற மோகப் பேய் கலு குமாரயா, அது ஆண்! பழையனூர் நீலியைப் பாருங்க. போன பிறவியில தன்னைக் கொன்ற புருஷனைத் தேடி, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா. அவனை அவ கொன்னதும், அவ பேச்சை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்ன எழுபது வேளாளரும் தீயில இறங்கினாங்க. அதுல மோகம் எங்க தம்பி இருக்கு? நீலிக் கண்ணீர்னு கேலி பேசுறோமே, அவளை முதல்ல அழ வச்சது யாருன்னு ஒருத்தராவது கேட்டோமா?

இன்னும் ரெண்டு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். விடுங்க. மாமா கதையிலேயே மிச்சம் இருக்கு.

மாமா செத்த வீட்டுல அத்தை சொன்னாங்க. அன்னைக்கு ரோட்டுல நின்னது எங்க தோட்டத்துலயே கொழுந்து எடுக்கிற பொம்பளை. பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு. வாகனம் கிடைக்கல, ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பிட்டா. தலையில போட்டிருந்த வெள்ளை உர பேக்கைக் கழற்றிப் பிள்ளையைச் சுத்தணும். ஒரு நிமிஷம் பிடிக்க ஆள் வேணும். அவ கூப்பிட்டது "அத்தான்" இல்ல. "அண்ணே."

பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

எட்டாம் நாள் அவ கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வந்து நின்னா. ஒரு வார்த்தை பேசல. மாமா எல்லார் கணக்குலயும் கொழுந்துல இருக்கிற தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறவர். அன்னைக்கு அவ பேருக்கு நேரே பேனா ஓடல. அப்புறம் ஓய்வு எடுக்கிற வரைக்கும் அவ பேர்ல மட்டும் ஒரு கிலோ கழிச்சதில்லையாம். மத்தவங்க கேட்டா, மோகினிக் கதையைத் தொடங்கிடுவாராம். அவ மோகினியா இருந்துட்டா மாமாவுக்கு நல்லது. அதுக்குத்தான் அந்த மல்லிகை, அந்த அத்தான்.

செத்த வீட்டுக்கு அந்த அம்மாவும் வந்தாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு தன் கைப்பிள்ளையோட, பெட்டிக்குப் பூப்போட முடியாம தடுமாறினா. இவங்கதான் கையை நீட்டினாங்க. "குடும்மா, நான் பிடிக்கிறேன்."

மணி அடிச்சிட்டீங்க ஐயா. உட்கார்றேன்.