இடமாற்றக் கடிதமும் இடையில் நிற்கும் வயலும்

(திருகோணமலையில் விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்கள், விவசாய பீட மாணவர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

ஆளணிச் செய்தி என்று தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். யார் வந்தார், யார் போனார், யாருக்குப் பதவி உயர்வு என்பதெல்லாம் சுற்றுநிருபமாக வந்து கோப்புக்குள் போகிற சமாச்சாரம் என்றுதான் பழகிவிட்டோம். விவசாய அறிவைக் கமக்காரரிடம் கொண்டுசேர்க்கிற விரிவாக்க சேவையில் அப்படி இருக்கக்கூடாது. ஆள் மாறுகிற செய்தி முதலில் போய்ச் சேர வேண்டியது கமக்காரரிடம். என்ன மாதிரிப் போய்ச் சேர வேண்டும், எதையெல்லாம் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அரச சேவையில் வருடாந்த இடமாற்றம் வழமையாக ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வரும். நிர்வாகத்துக்கு அது வசதியான நாள். நெல்லுக்கு? கந்தளாய், தம்பலகாமம், அல்லைப் பக்கம் பெரும்போக விதைப்பு ஒக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அப்படியென்றால் ஜனவரி முதலாம் திகதி பெரும்பாலான பயிருக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வயது. மூன்றரை மாத நெல்லில் கதிர்க்குருத்து உருவாகும் நேரம் அது. வளர்ந்த பயிருக்கு இடுகிற கடைசி மேற்கட்டுப் பசளை போடுவதா, எவ்வளவு என்று தீர்மானிக்கிற கிழமையும் அதுதான். அறக்கொட்டிப் பூச்சி தலைகாட்டத் தொடங்குவதும் அதையொட்டித்தான். இவ்வளவும் நடக்கிற நேரத்தில்தான் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்.

அறக்கொட்டியையே எடுத்துக்கொள்வோம். கபிலத் தத்தி என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதுகிறோமே, அது. இலையில் தேடினால் கிடைக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் இருக்கும். பயிரை இரண்டு கையாலும் விலக்கிக் குனிந்து பார்க்க வேண்டும். அடர்த்தியாக விதைத்த வயல், யூரியா கூடிய வயல், பயிர் சிறிதாக இருக்கும்போதே ஏதோ ஒரு பூச்சிக்காகக் கண்டபடி மருந்தடித்த வயல், இந்த மூன்றிலும்தான் அது பெருகும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. முன்கூட்டி அடித்த மருந்து சிலந்தியையும் முட்டையை உண்ணும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். காவல் போன வயலில் தத்தி தங்குதடையில்லாமல் பெருகிவிடும்.

எந்தக் கண்டத்தில், அதாவது எந்த வயல் தொகுதியில், நவம்பர் கடைசியில் மருந்தடித்தார்கள் என்பது பழைய விவசாயப் போதனாசிரியருக்குத் தெரியும். எந்த வாய்க்கால் முனையில் தண்ணீர் வடியாமல் நிற்கும் என்பதும் தெரியும். புதிதாக வந்தவருக்கு இரண்டும் தெரியாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தெரியாது. பத்து நாள் கழித்து வட்டமாகக் காய்ந்த திட்டு கண்ணில் படும்போதுதான் தெரியவரும்.

ஆனால் ஒப்படைப்புப் படிவத்தைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், தலைக்கவசம், றப்பர் முத்திரை, பற்றுச்சீட்டுப் புத்தகம், அலுமாரிச் சாவி, மேசை ஒன்று, கதிரை மூன்று. கதிரையை எண்ணி எடுக்கிறோம், வயலை எண்ணுவதில்லை.

நான்கு தாள் போதும். முதல் தாள் கண்ட வாரியான பட்டியல்: எந்த நெல் இனம், எந்தத் திகதியில் விதைப்பு, எத்தனை ஏக்கர், கமக்கார அமைப்பின் செயலாளர் யார், தண்ணீர் திறந்துவிடுகிறவர் யார். பிஜி 300 என்றால் மூன்று மாதம், ஏடி 362 என்றால் மூன்றரை மாதம். இனமும் விதைப்புத் திகதியும் கையில் இருந்தால் புதியவர் மேசையில் இருந்தபடியே ஒவ்வொரு கண்டமும் இப்போது என்ன வயதில் நிற்கிறது என்று கணக்குப் போடலாம்.

இரண்டாவது தாள் செய்துகாட்டல் துண்டுகளுக்கு. மிக அதிகம் நாசமாவது இதில்தான். ஒரு கமக்காரரின் கால் ஏக்கரில் இரண்டு இனத்தைப் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, நடுவில் முளைக்குச்சி நட்டு, பெயர் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். மழையில் எழுத்து அழியும், மாடு குச்சியைச் சாய்க்கும். ஜனவரியில் வந்தவருக்கு எது புதிய இனம், எது ஒப்பீட்டுத் துண்டு என்று தெரியாது. அறுவடையன்று நிறுத்து எழுதிய கணக்கு எந்தத் துண்டுக்குரியது என்று கேட்டால் கமக்காரரின் மூத்த மகன் ஒரு பக்கத்தைக் காட்டுவார், இளையவர் மறுபக்கத்தைக் காட்டுவார். ஆகவே கையால் ஒரு வரைபடம். வடக்கு எது, பெரிய வரம்பு எது, மருதமரம் எந்த மூலையில், அந்த மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளித் துண்டு தொடங்குகிறது. குச்சியை நம்பாதீர்கள், அசையாத ஒன்றிலிருந்து அளவெடுங்கள்.

மூன்றாவது தாளில் பிரச்சினை வரலாறு. மூதூர், கிண்ணியாப் பக்கத்துக் கடலோர வயல்களில் உவர் எங்கே ஏறுகிறது, எந்தக் கண்டத்தில் களைநாசினி பலிக்கவில்லை, குச்சவெளிப் பக்கத்துச் சோளத்தில் படைப்புழு முதலில் எங்கே கண்டது. அந்தப் புழு இலங்கைக்கு வந்தது 2018இல்தான். அதற்கு முந்திய அனுபவம் யாரிடமும் இல்லை, அதனால் பின்னால் எழுதி வைத்த ஒவ்வொரு குறிப்புக்கும் பெறுமதி உண்டு. நான்காவது தாள் கொடுத்த வாக்குகள். "நாற்று எடுத்துத் தருகிறேன்", "மண் முடிவு வந்ததும் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அதை எழுதாமல் போனால் புதியவர் முதல்நாளே பொய்க்காரர் ஆகிவிடுவார், பாவம்.

தாளோடு ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து வயலில் இறங்க வேண்டும். ஓய்வு பெறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022 டிசம்பர் 31ஆம் திகதி, 60 வயதைக் கடந்த அரச ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வுபெற்றுப் போனது நினைவிருக்கும். அவர்களோடு போன தகவலை எந்தக் கோப்பிலும் தேடி எடுக்க முடியாது.

இனி அறிவித்தலுக்கு வருவோம். நாங்கள் வழக்கமாக எழுதுவது இப்படி: "மேற்படி உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் செல்வதால் அன்னாரின் கடமைகளைப் பதில் கடமை அடிப்படையில் பிறிதொரு உத்தியோகத்தர் மேற்கொள்வார் என்பது தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது." வெற்றிலை வாங்க வந்த கடையில் நின்று இதை வாசிக்கிற ஒருவருக்கு எங்கே போவது, எப்போது போவது என்று எதுவும் பிடிபடாது. இதையே இப்படி எழுதலாம்:

"தம்பலகாமப் பக்க வயல்களுக்கு ஜனவரி 2 முதல் புதிய விவசாயப் போதனாசிரியர். செவ்வாய் காலை 8.30 முதல் 12 வரை கமநல சேவை நிலையத்தில் இருப்பார். வியாழன் வயலுக்கு வருவார்; வர வேண்டுமென்றால் புதன் மாலைக்கு முன் சொல்லவும். நெல், மேட்டுநிலப் பயிர், மரக்கறி பற்றிக் கேட்கலாம். மாடு, ஆடு பற்றி அரச கால்நடை வைத்தியரிடம் கேட்கவும். அலுவலகத் தொலைபேசி இலக்கம் கீழே. அவர் கிடைக்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கவும்."

இதில் அவருடைய பெயரையும் போடுங்கள், பட்டத்தைப் போட வேண்டாம் என்பது என் கட்சி. நாள் குறித்து வருவது புதிய யோசனை இல்லை. முன்பு கே.வி.எஸ். என்று ஊரில் சொன்ன விரிவாக்க ஊழியர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை குறித்த நாளில் குறித்த கண்டத்துக்குப் போவார்கள். அந்த முறையில் குறைகள் ஏராளம். ஆனாலும் இன்ன நாள் ஆள் வரும் என்று ஊருக்குத் தெரியும். 1980களின் இறுதியை அண்டி அவர்கள் கிராம அலுவலர்களாக மாற்றப்பட்டபோது அந்த நிச்சயமும் போய்விட்டது.

பல்கலைக்கழகம் என்ன செய்யலாம் என்று மாணவர்கள் கேட்பீர்கள். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டத்தால் விவசாயக் கல்லூரிகள் அமைக்க மாநிலங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் அந்தக் கல்லூரிகளையே விரிவாக்க சேவைக்குப் பொறுப்பாக்கியது. ஆராய்ச்சி செய்கிறவரும் ஊருக்குப் போகிறவரும் அங்கே ஒரே நிறுவனத்தின் ஆட்கள். அதனால் அவர்களுடைய ஆளணிச் செய்தியில் புதியவர் எந்த மாவட்டங்களுக்கு, எந்தப் பயிருக்கு என்று இருக்கும். அதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வேட்டுத் தலைப்பு, பெற்ற விருதுகள் என்று நீளும் பகுதியை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இங்கே வீடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. விவசாயத் திணைக்களம் 1912இல் தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு விரிவாக்கத்தின் பெரும்பகுதி மாகாணங்களிடம் வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் மட்டக்களப்பு வந்தாறுமூலையில். அங்கே உவர் மண்ணில் வேலை செய்கிற ஒரு விரிவுரையாளர் புதிதாகச் சேர்ந்தால் மூதூரில் இருக்கும் போதனாசிரியருக்கு யார் சொல்வது? பீடத்தின் அறிவித்தலில் "மண்ணியலில் நிபுணத்துவம்" என்று எழுதினால் போதாது. எந்தக் கேள்விக்கு அவரால் பதில் தர முடியும், மாதிரியை எப்படி அனுப்புவது, முடிவு வர எத்தனை நாள், செலவு யாருடையது என்று நான்கு வரி எழுதினால் அது வேலைக்கு ஆகும்.

மாதிரி என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். "மண் பரிசோதனை நடைபெறும், மண்ணைக் கொண்டுவரவும்" என்று அறிவித்தல் போட்டால் யூரியா உரப்பையில் ஈர மண் வரும். அந்தப் பையில் ஒட்டியிருக்கிற பசளையைத்தான் ஆய்வுகூடம் அளக்கும். ஆகவே அறிவித்தலிலேயே முறையைச் சொல்லுங்கள். அறுவடை முடிந்து, உழவுக்கும் பசளைக்கும் முன் எடுக்க வேண்டும். வரம்போரம், அறுத்த நெல்லைச் சூடு வைத்த இடம், வைக்கோல் எரித்த இடம், மாடு கட்டிய இடம், மர நிழல் வேண்டாம். ஒரே மாதிரியான வயலில் குறுக்கும் மறுக்குமாக நடந்து 10 முதல் 15 இடத்தில் மேல் சருகை விலக்கி, மண்வெட்டியால் ஆறு அங்குல ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, வெட்டின் ஒரு பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலத் தடிப்பில் சீவி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள், தகர வாளி வேண்டாம். அதன் நாகப் (துத்தநாகப்) பூச்சு மண்ணில் கலந்து நாக அளவைக் கூட்டிக் காட்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்திப் புதிய பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் இட்டு, இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் எழுதிய துண்டு. பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும். சுவரொட்டியில் இவ்வளவும் கொள்ளாது என்பீர்கள். கொள்ளும். பிரதம அதிதி, கௌரவ அதிதி வரிசையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அளவு எழுதும்போது ஹெக்டேயரில் எழுதாதீர்கள். எங்கள் ஆட்கள் கணக்கு ஏக்கர், தெளிகருவிக் கணக்கு தாங்கி. போத்தலில் ஹெக்டேயருக்கு 1 லீற்றர் என்றிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 400 மில்லிலீற்றர். 16 லீற்றர்த் தாங்கியில் ஏக்கருக்குப் பத்துத் தாங்கி அடிப்பவருக்குத் தாங்கிக்கு 40 மில்லி. ஹெக்டேயரை ஏக்கர் என்று வாசித்தவர் 100 மில்லி ஊற்றுவார், அதாவது இரண்டரை மடங்கு. தாங்கிக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதினாலும் பிழைக்கும்: ஆறு தாங்கியில் ஏக்கரை முடிக்கிறவருக்கு மருந்து குறைந்துபோகும், பூச்சி சாகாது, அடுத்த கிழமை திரும்ப அடிப்பார். ஆகவே இரண்டு எண்ணும் சேர்ந்தே வர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அடிக்கிறபோது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எண்களை மட்டும் ஒருமுறை ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை சிரிப்போடு போய்விடும். எண் பிழைத்தால் பயிர் கருகும்.

எங்கே, எப்போது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமநல சேவை நிலையப் பலகை, பசளைக் கடை, கூட்டுறவுச் சங்கம், தேநீர்க் கடை. கிண்ணியா, மூதூரில் வெள்ளி பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ஜும்மாவுக்கு முன் முடியாது, பௌர்ணமிப் போயா நாளிலும் வைக்காதீர்கள். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லக் கேட்பதானால் நான்கு வரிக்கு மேல் எழுதிக் கொடுக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் படத்தை விடக் குரல் பதிவு நன்றாகப் போகும், ஒரு நிமிடத்துக்குள்.

வட்ஸ்அப்பில் போகிற எதிலும் ஆண்டோடு சேர்த்துத் திகதியும், "இன்ன நாள் வரை செல்லும்" என்ற வரியும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வந்து அதே ஆண்டுக்குள் தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களின் அறிவித்தல் திகதி இல்லாமல் இன்றைக்கு ஒருவர் கைக்கு வந்தால் அவர் எதை நம்புவார்?

வெற்றிடத்தையும் அறிவியுங்கள். ஆள் இல்லாத பிரிவைப் பற்றிப் பேசாமல் இருப்பது அலுவலகத்துக்கு மானம் காக்கிற வழி போலத் தெரியும். கமக்காரர் மூன்று தரம் பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, நான்காவது தரம் நேரே மருந்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் இருப்பில் உள்ளதைக் கொடுப்பார். "இந்தப் பிரிவுக்கு இப்போது ஆள் இல்லை, பக்கத்துப் பிரிவுப் போதனாசிரியர் திங்கள் மட்டும் வருவார்" என்று கதவில் ஒட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

தொலைபேசி இலக்கம் பற்றி இடையில் ஒருவர் சீட்டு அனுப்பியிருந்தார். சொந்த இலக்கத்தைக் கொடுத்தால் இடமாறிப் போன பிறகும் அழைப்பு வருகிறது, கொடுக்காவிட்டால் ஆட்கள் குறை சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார். பதவிக்கென்று ஒரு சிம் எடுங்கள். நான்கு தாளோடு சேர்த்து அதையும் ஒப்படையுங்கள், தொடர்புப் பட்டியலை அழிக்காமல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கண்டத்தின் பெயரையும் பதிந்து வையுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வட்ஸ்அப் குழுவின் நிர்வாகியாகவும் அந்த இலக்கமே இருக்கட்டும். அடுத்த சீட்டை வாசியுங்கள்.