நார்மல் என்று வந்த ஸ்கேன்

நேயர்களுக்கு வணக்கம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், வேளை தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. மூன்றாவது மருந்தில் அது முற்றிலும் நின்றுவிடும் வாய்ப்பு குறைவு. ஆகவே அப்போதே கேட்டுவிட வேண்டும்: மூளையின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறதா?

கரு வளரும்போது நரம்பணுக்கள் மூளையின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர்ந்துபோய் அடுக்கடுக்காக அமைகின்றன. சில வழியிலேயே நின்றுவிடும். சில போய்ச் சேர்ந்தும் ஒழுங்காக அடுக்கப்படுவதில்லை. ஓரிடத்தில் மட்டும் மேலடுக்கு இப்படிச் சீர்கெட்டிருந்தால் ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா என்கிறோம். டேவிட் டெய்லர் என்ற மருத்துவரின் குழுவினர் 1971-இல் அதை விவரித்தது, அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து. இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது. இருந்தும் தப்பிவிடுகிறது.

ஓர் இளைஞரைச் சொல்கிறேன். எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல். கூட வந்த அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: “முதல்ல இடது கட்டைவிரல்தான் டாக்டர் துடிக்கும். அப்புறம் கை, அப்புறம் முகம்.” அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை! இடது கட்டைவிரலை ஆட்டுவிப்பது வலப்பக்க மூளை. அந்த இடத்தைக் குறித்து, ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாகப் புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொன்னோம். ஒரு மடிப்பின் அடியில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதியும் நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியும் சேரும் எல்லை, ஈரக் காகிதத்தில் மை ஊறியதுபோல் கலங்கிக் கிடந்தது. பழைய படங்களில் துண்டுகள் தடிமன். அந்த மடிப்பு சரியாகப் பதிவாகவே இல்லை.

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். சீட்டில் ‘வலிப்பு’ என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினால் அவர் எங்கே தேடுவார்? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வலிப்பு எப்படித் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்கட்டும். இன்னொருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, பேச்சு நின்றதா என்று அதில் தெரியும். பிறகு, நோயாளியைப் படம் பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி.யும் அதே பக்கத்தைக் காட்டினால், நார்மல் என்ற படத்தைக்கூட மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நார்மல் ரிப்போர்ட்டோடு தேடல் முடிவதில்லை.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பெட் ஸ்கேன், மரபணுச் சோதனை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இப்போது வேறு இரண்டே விஷயம் சொல்லி முடிக்கிறேன். கைக்குழந்தையின் மூளையில் வெண்பகுதி இன்னும் முதிராததால் கோளாறு மறைந்திருக்கலாம். இரண்டு வயதுக்குப் பின் மீண்டும் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். கோளாறான இடம் பேச்சு, கைகால் அசைவுப் பகுதிகளை விட்டு விலகியிருந்தால், அறுவை சிகிச்சை பற்றிப் பேச வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வணக்கம்.