சுமைகூலி முக்கால் பணம்

(பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சீர் செய்திருக்கிறேன். கைதட்டல்களை எடுத்துவிட்டேன், அவை அதிகம் இல்லை. வெளியூர் வாசகர்களுக்கு: டத்தோ என்பது மலேசியாவில் ஒரு கௌரவப் பட்டம், அவர் மனைவி டத்தின்.)

அவைத்தலைவர் அவர்களே, இன்று காலையிலேயே இரண்டு திறப்பு விழாக்களை முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, அவரை நேரத்துக்கு அழைத்து வந்த டத்தின் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினருக்குப் பதிலாக வந்திருக்கும் அவருடைய உதவியாளர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இந்நாள் தலைவர், முன்னாள் தலைவர், அவருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே (மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது), பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை எல்லாம் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். படியேறும்போது அது அணைந்துவிட்டது.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘தொழில்நுட்பச் செய்திகள்: ஒரு பார்வை’ என்று இருக்கிறது. மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று செயற்கை நுண்ணறிவு, இரண்டு மின்சாரக் கார், மூன்று நம் வீட்டுச் சாமான்கள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பழமொழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

செயற்கை நுண்ணறிவிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஹியூமேன் என்று ஒரு கம்பெனி, ஆப்பிளிலிருந்து வெளியே வந்தவர்கள் ஆரம்பித்தது. 2024 ஏப்ரலில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தொண்டூழியர்களின் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிடுவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லும், உள்ளங்கையை நீட்டினால் வெளிச்சத்தில் எழுத்துக் காட்டும். விலை 699 டாலர். சரி, ஆசைப்பட்டவன் வாங்கட்டும். அதற்கு மேல் மாதா மாதம் 24 டாலர் சந்தா. கட்டினாலும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று கம்பெனி சர்வரை அணைத்தது, பேட்ஜ் ஊமையாகிவிட்டது. தைப்பூச பேட்ஜுக்காவது ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கிடைக்கும்.

இதுகூடப் பரவாயில்லை. ஜூசெரோ என்று ஒரு சாறு பிழியும் இயந்திரம் இருந்தது. முதலில் 699 டாலர், பிறகு 399 டாலருக்கு இறங்கியது. அவர்கள் விற்கும் பழப் பொட்டலத்தை மட்டும்தான் அது பிழியும், அதுவும் வைஃபை இருந்தால்தான். 2017இல் ஒரு செய்தி நிறுவனத்து நிருபர்கள் அந்தப் பொட்டலத்தைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள். சாறு வந்துவிட்டது! அந்த வருஷமே கம்பெனிக்குப் பூட்டு. லெபோ பாசார் முனையில் கரும்பு பிழிகிற தம்பியை ஒரு வாரம் அங்கே அனுப்பியிருந்தால் அத்தனை கோடி முதலீடும் மிஞ்சியிருக்கும்.

கார் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022இல் பிஎம்டபிள்யூ கம்பெனி சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பி ஏற்கெனவே இருக்கைக்குள் இருக்கிறது, அதை இயக்கத்தான் காசு. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்த பிறகு அடுத்த வருஷம் கைவிட்டார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கொம்தார் பக்கம் வெயிலில் காரை நிறுத்திப் பாருங்கள், இருக்கை இலவசமாகவே சுடும். மின்சாரக் காருக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது என் வீட்டுக் கதை. இதை நான் டத்தோவுக்காகவே சொல்கிறேன், ஏன் என்று கடைசியில் தெரியும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பேத்திக்குப் பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட்டது. பயிற்சித்தாள்களை அச்சடிக்க ஒரு பிரிண்டர் வாங்கினேன். 189 வெள்ளி, அதாவது ரிங்கிட். அச்சடிக்கும், நகலெடுக்கும், ஸ்கேன் செய்யும். இவ்வளவு மலிவா என்று பக்கத்து வீட்டுக்காரரையும் வாங்க வைத்தேன். இன்றுவரை அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

2022இல் என் மாமனார் காலமானார். கருமக்கிரியை அழைப்பு ஒரே ஒரு பக்கம், கறுப்பு எழுத்து, மேலே அவருடைய கறுப்பு வெள்ளைப் படம். நாற்பது பிரதி போதும். இரவு பதினொரு மணிக்கு அச்சடிக்க உட்கார்ந்தேன். பிரிண்டர் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டியது: மஞ்சள் மை தீர்ந்துவிட்டது. எனக்கு மஞ்சள் எதற்கு? கறுப்பு நிறைய இருக்கிறதே? ‘மஞ்சளை மாற்றவும்.’ சரி, பழைய நகல் ஒன்றை ஸ்கேன் செய்து வாட்சாப்பிலாவது அனுப்பலாம் என்று மூடியைத் திறந்தேன். ஸ்கேன் செய்ய மை எதற்கு, வெளிச்சம் போதுமே? ‘மஞ்சளை மாற்றவும்.’

ஈப்போவிலிருந்து வந்திருந்த மச்சான் எழுந்து வந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மைக்கூட்டை உருவி, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கி, திரும்பச் செருகினார். ‘மஞ்சளை மாற்றவும்.’ சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் மெதுவாக, “ஏம்மா, கொஞ்சம் மஞ்சள்தூள் கரைச்சு ஊத்திப் பார்க்கலாமா?” என்றார். சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். மாமனார் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

மறுநாள் கடைக்குப் போனேன். நான்கு நிற மையும் சேர்த்து 146 வெள்ளி. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துக் கடைத் தம்பிக்கே இரக்கம் வந்துவிட்டது. “அங்கிள், இதை ஏன் வாங்குறீங்க? புது பிரிண்டரே வாங்கிடுங்க, உள்ளேயே மை இருக்கு” என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாங்கினேன். அதில் இருந்த மை, பாதி நிரப்பிய ஆரம்ப மை என்று மூன்றாம் வாரம்தான் தெரிந்தது.

பழையதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில், அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை), மாடிப்படிக்கு அடியில் ஒரு சீனப் பெரியவர் ரேடியோ, விசிறி எல்லாம் சரிசெய்கிறார். நாற்பது வருஷமாக அதே முக்காலி. அவரிடம் கொண்டுபோனேன். அவர் மைக்கூட்டைத் திருப்பி, அதன் முதுகில் இருந்த தங்க நிறத் தகட்டை இடுக்கியால் தொட்டுக் காட்டினார். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். அதற்குள் ஒரு சிப். எவ்வளவு மை செலவானது என்று அது எண்ணிக்கொண்டே வரும். நீங்கள் வெளியிலிருந்து மையை ஊற்றி நிரப்பினாலும், கணக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்லும். “மிஷின் நல்லா இருக்கு, உன்னைத்தான் பூட்டியிருக்கான்” என்றார் பெரியவர்.

அங்கேயே எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஏன் தெரியுமா? பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் 1972இல் வந்தது, இன்டெல் அதே வருஷம் வந்தது. நான் 1983இல் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து 2014 வரை, முப்பத்தொரு வருஷம், ஷிஃப்ட்டில் சிப் சோதித்தவன். இந்த அவையிலேயே எத்தனையோ அக்காமார்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குடும்பத்தை உயர்த்தியவர்கள். உலகத்துக்குச் சிப் செய்து கொடுத்த ஊர் இது. அதே சிப்பை வைத்து ஒரு மனிதனை அவன் வீட்டுக் கூடத்திலேயே மடக்கலாம் என்று மாடிப்படிக்கு அடியில்தான் கற்றுக்கொண்டேன். சுண்டைக்காய் கால் பணம்!

கைப்பேசியும் அப்படித்தான். 2000இல் வந்த நோக்கியா 3310 வைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள். பின்மூடியைத் தள்ளினால் பேட்டரி வெளியே வந்துவிடும், இல்லையா? இப்போது பசை போட்டு ஒட்டுகிறார்கள். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினாலே தளர ஆரம்பிக்கும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். பேட்டரி தளர்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துவிடாமல் காப்பாற்றத்தான் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாததால் எத்தனை பேர் போனே கிழடாகிவிட்டது என்று புதுசு வாங்கினார்களோ. அந்த மாதக் கடைசியிலேயே பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்குவதாக அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டது: 2027 பிப்ரவரி 18 முதல் இப்படிப்பட்ட சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். விலக்குகள் உண்டு. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

நம் நாட்டுக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா? 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ஒரு வேலை செய்தார். ஒரு கூடம், நான்கு மேசை, கொஞ்சம் திருப்புளிகள், காப்பி. பழுதான சாமானோடு மக்கள் வருவார்கள், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். இன்று பல நாடுகளில் அப்படி நடக்கிறது.

டத்தோ அவர்களே, இந்த மண்டபத்தின் பின்னறையில் போன பொதுத்தேர்தல் பதாகைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, அந்த அறையைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். தலைமையாசிரியை அம்மா ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் நான்கு பேரை அனுப்பட்டும். பிளக்கில் ஃபியூஸ் மாற்றத் தெரிந்த பிள்ளையாகப் போகட்டும். நாற்காலிகளையும் நாங்களே சரிசெய்துவிடுகிறோம், அதற்குக் கூலி வேண்டாம். டத்தோ தலையசைக்கிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது, மின்சாரக் கார் அடுத்த வருஷம். வருகிறவர்கள் மேசை விசிறி, மிக்சி, அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் கொண்டுவாருங்கள், வயர் அறுந்திருந்தால் அறுந்த துண்டையும் சேர்த்து. உப்பிய பேட்டரியைக் கொண்டுவராதீர்கள், அதைக் குத்தவும் அமுக்கவும் கூடாது, தீப்பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரிண்டரும் வேண்டாம். என்னிடமே இரண்டு இருக்கிறது.