அணை இல்லாத ஆற்றில் ஒரு வாரம்: செயின்ட் ஜான் கனூ பயணம்

[காட்சி: மதுரை ஏ.வி. பாலத்திலிருந்து வைகை]

வணக்கம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் வைகை அணை நீர்மட்டத்தைத் தேடுகிற வீடுகள் நம் மதுரைப் பக்கம் நிறைய உண்டு. வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. சித்திரையில் அழகர் இறங்குவதற்கும் அணையில்தான் தண்ணீர் திறக்கிறார்கள். ஆக, தண்ணீர் என்றைக்கு வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தில், இதே கன அடிக் கணக்கைப் பார்த்தபடி ஒவ்வொரு வசந்தத்திலும் சில படகோட்டிகள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேதி சொல்ல அங்கே அணை கிடையாது.

[காட்சி: வரைபடம். மேய்ன் காடுகள், செயின்ட் ஜான் ஆறு]

செயின்ட் ஜான் ஆற்றின் மொத்த நீளம் சுமார் 673 கிலோமீட்டர். கனடாவுக்குள் புகுந்து ஃபண்டி விரிகுடாவில் கலக்கிறது. நாம் பேசப்போவது அதன் மேல்பகுதியை மட்டும். பேக்கர் ஏரியிலிருந்து அலகாஷ் ஊர் வரை நூறு மைலுக்கு மேல் காட்டுக்குள் ஓடுகிறது. வழியில் ஊர் என்று சொல்ல ஏதுமில்லை. கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் துடுப்புப் போட வேண்டும்.

இங்கே நீர்த்தேக்கம் என்பது மலையில் கிடக்கும் பனிதான். ஏப்ரல் கடைசியில் ஆற்றின் மேல் உறைந்த பனிக்கட்டி உடைந்து நகரும். மே மாதம் முழுக்க உருகிய பனி ஓடிவரும். மேல்பகுதியில் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பெரிய ஏரிகள் இல்லாததால், பனி தீர்ந்ததும் ஆறு சட்டென்று வற்றிவிடும். டிக்கி என்ற இடத்தில் உள்ள அளவுமானியில் 3,000 கன அடிக்குக் கீழே போனால் படகு கல்லில் உரசும் என்பது படகோட்டிகளின் கணக்கு. விநாடிக்கு சுமார் 85,000 லிட்டர்! அவ்வளவு ஓடியும் போதவில்லை என்றால் ஆறு எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: பிக் பிளாக் ரேப்பிட்ஸ்]

சரி, பாறைகள் நிறைந்த வேக ஓட்டத்தில் எந்தப் பக்கம் போவது? தண்ணீர்தான் வழி காட்டும். வி வடிவத்தின் கூர்முனை நம்மைப் பார்த்து, அதாவது ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் இருந்தால், அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. கூர்முனை ஓட்டத்தின் திசையில் இருந்தால் இரு பாறைகளுக்கு நடுவே நல்ல வழி. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழலும். கனூவை அதற்குள் திருப்பி நிறுத்தி மூச்சு வாங்கலாம். சந்தேகம் இருந்தால் கரையேறி நடந்து போய்ப் பார்ப்பார்கள். துணிச்சலை விட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

படகு கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. இது எந்த ஆற்றுக்கும் பொருந்தும், வெள்ளம் வரும் வைகைக்கும்தான். பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் மேலே தூக்கி மிதக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

அப்புறம் குளிர். பனி உருகிய நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாகும். அதை அடக்கிவிட்டால் சுமார் பத்து நிமிடம்தான் கைவிரல்கள் சொன்னதைக் கேட்கும். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமே இல்லாத ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்ப முடியாமல் போவது இதனால்தான்.

[காட்சி: ஆற்றங்கரை, சிறு மஞ்சள் பூக்கள்]

ஆற்றின் இந்த மேல்பகுதிக்கும் அணை வந்திருக்கும். 1965-ல் டிக்கி–லிங்கன் அணைத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 1976-ல், அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஃபர்பிஷ் லவுஸ்வொர்ட் என்ற செடி இந்தக் கரையிலேயே மறுபடி கண்ணில் பட்டது. 1880-ல் கேட் ஃபர்பிஷ் என்ற பெண் தாவரவியலாளர் கண்டெடுத்த செடி அது. அணை வந்தால் அந்தக் கரை மூழ்கும் என்று எதிர்ப்பு வலுத்தது, செலவுக் கணக்கும் உதைத்தது, 1980களில் திட்டம் கைவிடப்பட்டது.

பென்னிகுவிக் 1895-ல் முடித்த பெரியாறு அணையின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான், அணையே கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர் வந்திராவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் ஏது? ஆனால் ஒன்றிரண்டு ஆறுகளாவது தன் போக்கில் ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தச் செடிக்கும் அதுதான் தேவை. வசந்தத்தில் பனிக்கட்டிகள் கரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது, அதை மூடி வளரும் புதர்கள் அழிந்து அதற்கு வெயில் கிடைக்கிறது. சுரண்டல் அளவுக்கு மீறினால் செடியும் போய்விடும். சில ஆண்டுகள் நடக்காமலே விட்டால் புதர் மூடிக்கொள்ளும்.